முன்னால் நடந்தவன்

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை இன்னும் ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, வாய் மட்டும் வலிக்கவே இல்லை. இவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் அந்த இடத்துக்கு வரும்போது எனக்குத் தெம்பு இருக்குமோ இருக்காதோ. படித்த கல்லூரியிலேயே நீ ஆசிரியராகச் சேர்ந்ததையும், இப்போது விடுதிக்குத் துணை வார்டனாக ஆனதையும் சூளகிரி சந்தைக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரிடமும் அவள் சொல்லி முடித்துவிட்டாள். நானும் மீசையைத் தடவிக்கொண்டுதான் திரிந்தேன், உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படிக்கும் வரை.

புதிதாகச் சேருகிற பையன்கள் பட்டணத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதிலெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எழுதித் தரும்படி பிரின்சிபால் உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ எழுதியதில் எனக்கும் ஒரு பிரதி அனுப்பி, பிள்ளையைப் பெற்றவர் என்ற முறையில் இதில் என்ன குறை என்று சொல்லுங்கள் எனக் கேட்டிருக்கிறாய். மகன் யோசனை கேட்டால் எந்தத் தகப்பனுக்குத்தான் பெருமையாக இருக்காது? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விளக்கு வைப்பதற்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும், மார்க்கெட் பக்கம் தனியாகச் சுற்றக் கூடாது, முன்பின் தெரியாதவர் அழைத்தால் போகக் கூடாது, சினிமாவுக்கு வார்டனிடம் அனுமதி வாங்க வேண்டும். எல்லாம் சரிதான். சினிமா விதியை எழுதும்போது உன் கை கூசியதா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை. பட்டுக்கூடு விற்கப் பெங்களூர் வந்த நம் ஊர்க்காரர் ஒருவர் உன்னை எந்தக் கொட்டகை வாசலில் பார்த்தார் என்பதை ஊர் திரும்பியதும் என்னிடம் வந்து சொல்லிவிட்டார். நான் உன்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த விதியில்தான் நின்றுவிட்டேன். சக மாணவன்மேல் கைவைக்கிறவன் எவனாக இருந்தாலும், காரணம் கேட்காமல் அன்றைக்கே கல்லூரியை விட்டு வெளியேற்றப்படுவான் என்று எழுதியிருக்கிறாய். ஓரத்தில் எனக்காக ஒரு குறிப்பு வேறு: நம் ஊர் மாதையன் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும், அப்படி இன்னொன்று நடக்கக் கூடாது என்பதற்காக இதைச் சேர்த்தேன் என்று. தம்பி, மாதையன் என்ன செய்தான் என்று உனக்கு யார் சொன்னது? நான்தான் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ நம்பும் வரை சொன்னேன். இப்போது அதையே நீ சட்டமாக எழுதி, இனி வரப்போகிற பையன்களின் தலையில் கட்டப் பார்க்கிறாய். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தவையும் இதில் வரும், பொறுமையாகப் படி.

நம் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அதை வழக்கம் என்றுகூட நாங்கள் நினைத்ததில்லை, அப்படித்தான் நடக்கும் என்று இருந்துவிட்டோம். சானமாவுக் காட்டை ஒட்டிய பாதையில் பொழுது சாய்ந்த பிறகு வண்டி போக நேர்ந்தால், சேரியிலிருந்து வந்து நம் நிலத்தில் பாடுபடுகிறவர்களில் ஒருவர் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடப்பார். என் அப்பா காலத்தில் மாதையனின் பாட்டன் நடந்தார். என் காலத்தில் மாதையனின் அப்பன் முனியன் நடந்தான். வெளிச்சத்துக்காக என்றுதான் சொல்லிக்கொள்வோம். பாதையில் யானை நின்றால் அது முதலில் அவன்மேல்தான் வரும், வண்டியைத் திருப்ப நமக்கு நேரம் கிடைக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. ஆனால் முனியனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாட்டை ஓட்டுகிறவனுக்கும் தெரியும்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, காவேரிப்பட்டினத்தில் தாய்வீட்டில் இருந்த உன் அம்மாவையும் உன்னையும் அழைத்துக்கொண்டு வந்தேன். வழியில் தங்கித் தங்கி வந்ததில், காட்டுப் பாதைக்கு வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. ஒரு கொம்பன் யானை பாதையின் குறுக்கே வந்து நின்றது. முனியன் ஓடவில்லை. பந்தத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோல, பச்சைப் பிள்ளை இருக்கிறது, போ சாமி, போ சாமி என்று மெல்லச் சொல்லிக்கொண்டே நின்றான். அது காட்டுக்குள் இறங்கிப் போன பிறகு அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா என்னவோ. நீ விழித்துக்கொண்டு வீறிட்டாய். குழந்தையை எழுப்பிவிட்டாயே அறிவுகெட்டவனே என்று நான் அவனைத் திட்டினேன். அந்த யானைக் கதையை நான் உன்னிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். திட்டியதை மட்டும் சொன்னதில்லை.

மாதையன் உன் வயதுக்காரன். ஏரிக்கரை வழியாக நீங்கள் பள்ளிக்கூடம் போகும்போது பாம்பு கிடந்தால் தெரியட்டும் என்று அவனைத்தான் முன்னால் விடுவோம். படிப்பிலும் அவன் உனக்கு முன்னால்தான் போனான். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓசூரில் பள்ளிப் படிப்பை முடித்ததும் அவனுக்குச் சர்க்கார் உதவித்தொகை கிடைத்தது, நீ சேர்ந்த அதே கல்லூரியில், அதே விடுதியில் இடமும் கிடைத்தது. கேள்விப்பட்ட அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை இப்போது மறைக்கப் போவதில்லை. களத்தில் நின்று நெல் தூற்றவேண்டிய பையன் என் மகனோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து படிப்பதா என்று இருந்தது. இரண்டு நாள் போனதும் வேறு மாதிரி தோன்றியது. பெங்களூர் பெரிய பட்டணம், நீயோ வெளியூர் பார்க்காதவன், பயந்த சுபாவம் வேறு. அவன் கூட இருந்தால் நல்லதுதானே என்று மனம் சமாதானமாகிவிட்டது. பழைய வழக்கத்தைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஓசூர் பஸ் நிலையத்தில் நீ ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, அவனைத் தனியாக அழைத்தேன். அவன் தன் தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உன் பெட்டியைப் பஸ் கூரைமேல் ஏற்றிக் கட்டிவிட்டு வந்தான். வேட்டி புதிது, சட்டை புதிது. அவனிடம் நான் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

"எங்க போனாலும் நீ முன்னால போடா. சின்னவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

சரிங்க ஐயா என்றான். பக்கத்தில் நின்ற முனியனும் தலையாட்டினான். அவர்களுக்கும் அது புதிதாகப் படவில்லை. உன்னிடம் வந்து, மாதையனையும் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்று யோசித்துப் பார்க்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. அவனும் முதல் முறையாக வெளியூர் போகிற பிள்ளை, அவனுக்கும் பயம் இருக்கும், அவனையும் பெற்றவன் ஒருவன் அங்கே நிற்கிறான் என்பதெல்லாம் என் கண்ணுக்கு நேராக இருந்தும் படவில்லை. நீ கை காட்டினாய், நானும் கை காட்டினேன், பஸ் போயிற்று.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், அல்லது தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேல் வகுப்பு மாணவர்கள் சிலர் ராகிங் என்று சொல்லிப் புதுப் பையன்களை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்கள். உன் தலையில் புத்தகங்களை அடுக்கி, மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் நடக்கச் சொன்னார்கள். மாதையன் கீழே குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்திருக்கிறான். வாளியைக்கூடக் கீழே வைக்கத் தோன்றாமல் படியேறி ஓடி வந்து உன்னைக் கட்டிப்பிடித்து உள்பக்கமாக இழுத்துப் போட்டான். அதில்தான் உன் நெற்றியில் அடி. வேடிக்கையைக் கெடுத்துவிட்டான் என்று அவர்களுக்குக் கோபம். அவர்களில் ஒருவன், பெரிய காண்டிராக்டரின் மகன், மாதையனை அதே கைப்பிடிச் சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டு போனான். முதுகு சுவரில் இடித்ததும் இவன் கையில் இருந்த வாளியை வீசினான். அந்தப் பையனின் தாடை எலும்பு முறிந்துவிட்டது. மாதையன் சொல்லித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். நீ சொல்லித் தெரியாது, ஏனென்றால் நீ சொல்ல நான் விடவில்லை.

தந்தி வந்ததும் முனியனையும் அழைத்துக்கொண்டு ஓடி வந்தேன். நேராக வார்டன் அறைக்குப் போனேன். அன்றைய வார்டன்தான் இன்றைக்கு உன் பிரின்சிபால். அவரைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. அவர் ஒரு கணக்கைச் சொன்னார், நான் ஒப்புக்கொண்டேன். சுவர்மேல் நடக்கவிட்ட விஷயம் வெளியே வந்தால் போலீஸ் வரும், பல பெரிய வீட்டுப் பிள்ளைகள் மாட்டுவார்கள், சாட்சி சொன்ன பிறகும் உங்கள் மகன் இன்னும் சில வருஷம் இதே விடுதியில்தான் தூங்கி எழ வேண்டும் என்றார். இது இரண்டு பேருக்குள் நடந்த சொந்தச் சண்டை என்றால் ஒருவனோடு முடிந்துவிடும் என்றார். யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். அவர் பேசி முடிப்பதற்குள் நான் சரி என்றேன். அந்தப் பையன் எங்கள் பண்ணையாள் மகன்தான், அவனை நான் சரிக்கட்டிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். இந்த வார்த்தையை எழுத எனக்கு இவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது.

பிறகு உன் அறைக்கு வந்தேன். நெற்றியில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து, அப்பா, மாடியில் என்ன ஆச்சு என்றால், என்று ஆரம்பித்தாய். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அடிபட்டதும் நீ மயங்கிவிட்டாய், எதையும் பார்க்கவில்லை, விசாரணையில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அப்போது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாதையன் என்னப்பா ஆவான்?"

அவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றேன். தம்பி, நீ கேட்டாய். கோழையாக இருந்துவிட்டோமே என்று உன் மனதின் ஒரு மூலையில் இத்தனை வருஷமாக ஏதாவது உறுத்திக்கொண்டிருந்தால், நீ கேட்டாய் என்பதை நான் எழுத்தில் தருகிறேன். பயந்தவன் நான்தான். அந்தப் பயத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்து உன் வாயில் திணித்தேன்.

மாதையனை விடுதிச் சமையலறைக்குப் பின்னால் பார்த்தேன். நடந்ததையெல்லாம் அவன் சொல்லக் கேட்டுக்கொண்டேன். நீ செய்தது சரிதான், ஆனால் அதைச் சொன்னால் சின்னவருக்கு ஆபத்து, ஏதோ சொந்த விரோதத்தில் அடித்துவிட்டேன் என்று சொல்லிவிடு, வேறு ஊரில் வேறு கல்லூரியில் நான் உன்னைச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். "நான் படிக்கணுங்க ஐயா" என்றான். கட்டாயம் படிப்பாய் என்றேன். சொல்லும்போது நிஜமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். விசாரணையில் நீ மயங்கிவிட்டதாகச் சொன்னாய், அவன் விரோதம் என்று சொன்னான், அவனைக் கல்லூரியை விட்டு நீக்கினார்கள். சான்றிதழில் நடத்தை திருப்தியாக இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே உன் அம்மா கேட்டாள், மாதையன் எங்கே என்று. உன்னைப் பற்றி முதலில் கேட்கவில்லை. அவன்தான் உன்னைக் காப்பாற்றியிருப்பான் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். சண்டைக்காரப் பயலைப் பற்றி என்ன விசாரணை என்று கத்தினேன். அன்று தொடங்கியதுதான் அந்தக் கதை. அதை முதலில் அவளிடம் சொன்னேன், பிறகு ஊரிடம் சொன்னேன், விடுமுறைக்கு நீ வந்தபோதெல்லாம் உன்னிடம் சொன்னேன். விடுதியில் அவனை யாரோ சாதி சொல்லிக் கிண்டல் செய்தார்களாம், அந்த வன்மத்தில் அடித்தானாம் என்று விவரமெல்லாம் சேர்த்துக்கொண்டேன். முதலில் நீ எழுந்து வெளியே போய்விடுவாய். பிறகு உட்கார்ந்து கேட்டாய். ஒருநாள் நீயே அதை வேறொருவரிடம் சொன்னாய். அப்பாடா என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பெற்ற பிள்ளையின் கண் பார்த்ததை அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன் உன் அப்பன்.

கொடுத்த வாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலத்தில் ஒரு கல்லூரிக்கு மாதையனை அழைத்துக்கொண்டு போனேன். சான்றிதழைப் பார்த்துவிட்டு அங்கே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வரும்போது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கடமை முடிந்தது என்று இருந்தேன். நம் மாந்தோப்புக்கு மேற்பார்வையாளாக வந்துவிடு என்றேன். அவன் வேண்டாம் என்றான். எவ்வளவு திமிர் பார் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நாளில் முனியனும் நம் நிலத்துக்கு வருவதை நிறுத்திவிட்டு ஊத்தங்கரைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். நடவு நேரத்தில் இப்படிக் காலை வாரிவிட்டானே, நன்றி கெட்டவன் என்று அவனையும் ஏசினேன். நன்றியைப் பற்றிப் பேசினேன் பார், அதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் கிருஷ்ணகிரிக்குப் போனேன். மாதையன் அங்கே ஒரு லாரி ஆபீஸில் சரக்குப் பதிவு செய்கிற குமாஸ்தாவாக இருக்கிறான். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கவில்லை. பெஞ்சைக் காட்டி, உட்காருங்க என்றான். ஐயா என்றும் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு அந்த இடத்திலும் சுருக்கென்கிறது, பார்த்துக்கொள். நான் எவ்வளவு திருந்தியிருக்கிறேன் என்பது அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. டிரைவர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். தெலுங்கில் ஒருவனோடும் கன்னடத்தில் ஒருவனோடும் பேசி அனுப்பிவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான். வார்டனிடம் நான் பேசியதை அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லவேண்டாம், தெரியும் என்றான்.

"அப்பா அந்த ரூமுக்கு வெளியதான் நின்னுக்கினு இருந்தாரு. நீங்க பேசுனது அத்தனையும் அவரு காதுல விழுந்துச்சு. ஊருக்கு வந்தப்புறம் எங்கிட்ட சொன்னாரு."

கதவு திறந்திருந்தது, தம்பி. நாங்கள் கன்னடத்தில்தான் பேசினோம், முனியனுக்கு என்னைவிட நன்றாகவே கன்னடம் வரும். அவன் மகனின் படிப்பை அவனை வெளியே நிறுத்திவைத்துக்கொண்டே நான் பேசி முடித்திருக்கிறேன். அவன் அங்கே நிற்கிறான் என்பது என் புத்தியிலேயே இல்லை. அதற்குப் பிறகு அவன் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்து வந்தான், எனக்குச் சோடா வாங்கி வந்து கொடுத்தான். விசாரணைக்கு முன்பே ஏன் சொல்லவில்லை என்று மாதையன் கேட்டதற்கு, அவரு எதிர்ல எப்படிடா பேசறது என்றானாம். அதிலிருந்து மகன் அப்பனோடு பேசுவதை விட்டுவிட்டான். மகன் முகத்தில் விழிக்க முடியாமல்தான் முனியன் ஊத்தங்கரைக்குப் போனான், என்மேல் கோபத்தில் போகவில்லை. உன் வாயை மூடியதோடு என் வேலை நிற்கவில்லை, இன்னொரு வீட்டிலும் அப்பனையும் மகனையும் பிரித்திருக்கிறது.

மன்னித்துவிடு என்று மாதையனிடம் கேட்டேன். அது கிடக்கட்டும் என்பதுபோலக் கையை அசைத்தான். அவனுக்கு வேண்டியது வேறு. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் சான்றிதழில் அந்த நடத்தை வரியைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வயது வரம்பு தாண்ட இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது, அதற்குள் கல்லூரியில் அந்த வரியை மாற்றித் தந்தால் போதும் என்றான். நானே பிரின்சிபாலிடம் போய் எல்லாம் என் தவறு என்று சொல்கிறேன் என்றேன். அவன் பென்சிலை மேசைமேல் வைத்தான்.

"நீங்க மாடியில இல்லீங்களே. பாத்தது உங்க பையன்தான். அவரு சொன்னாத்தான் செல்லும்."

நான் சொல்லச் சொல்கிறேன் என்று வேகமாகச் சொன்னேன். அவன் லேசாகச் சிரித்தான். அதில் கேலி இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சொல்லச் சொல்லாதீங்க. அன்னிக்கும் அதான் செஞ்சீங்க. கேளுங்க அவரை."

ஊருக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் சூளகிரி தாண்டும் வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தபோதுதான் பயம் பிடித்தது. நீ வாயைத் திறந்தால், அன்றைக்கு நீ சொன்னது பொய் என்பதும் வெளியே வரும். பிரின்சிபாலின் பெயரும் சேர்ந்து வரும். அவருக்கு அது பிடிக்காது. துணை வார்டன் பதவி போகலாம், வேலைக்கே உலை வைத்துவிடுவார்களோ என்னவோ. இந்த வரியை எழுதும்போதே, உனக்கு எதற்கு வம்பு, பேசாமல் இரு என்று எழுதிவிடலாமா என்று கை துடிக்கிறது. அந்தக் கை மாறவில்லை, தம்பி. அதை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ யோசனை கேட்டாய் அல்லவா, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பெற்றவர்களுக்காக ஒரு விதி சேர்த்துக்கொள்: தன் பிள்ளைக்குக் காவலாக இன்னொருவன் பிள்ளையை யாரும் அனுப்பக் கூடாது. கைவைத்தவனைக் காரணம் கேட்காமல் வெளியேற்றும் அந்த விதியை அடித்துவிடு. அதற்குப் பதில், ஏதாவது நடந்தால் அங்கே இருந்த ஒவ்வொரு பையனையும் தனியாக அழைத்து என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் என எழுது. அவனவன் அப்பன் ஊரிலிருந்து வந்து இறங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்றும் எழுது.

உன்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. நீ எதையும் பார்க்கவில்லையாமே என்றுதான் விசாரணையில் வார்டன் உன்னிடம் சொன்னார். அவராவது அப்படிச் சொன்னார், நீ சொல்ல ஆரம்பித்ததையே நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பதிலை எனக்கு எழுதினாலும் சரி, பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னாலும் சரி, கிருஷ்ணகிரிக்கு வந்து மாதையனிடம் சொன்னாலும் சரி, சொல்லாமலே இருந்தாலும் நீ என் மகன்தான். ஆனால் நான் கேட்காமல் சாகக் கூடாது. தம்பி, அன்றைக்கு மாடியில் என்ன நடந்தது?

அப்பா